வாசலோரத்து மேசை

வீட்டு வாசலில் வேன் வந்து நின்றபோது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெயில் சுள்ளென்று அடிக்க வேண்டிய மத்தியான நேரத்தில், தெரு முழுக்க ஒரு மங்கல். தையல்காரி முதலில் இறங்கினாள். பின்னாலேயே மகள், தையல் மிஷினின் தலையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு. வேனை ஓட்டிவந்த கணவர் மட்டும் இறங்காமல் வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"அரண்மனை மாதிரி இருக்கே. விக்கிற வரைக்கும் நாமதான் ராஜா."

"கூட்டித் துடைக்கிறப்ப மட்டும் ராணி" என்றாள் அவள்.

அவர்கள் செய்துகொண்டிருந்த தொழிலுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைக்காமல் இருப்பதே நல்லது என்று தரகர் சொல்வார். பூட்டிக் கிடக்கிற வீட்டை யாரும் லேசில் வாங்க மாட்டார்கள். அதிலும் ஒரு துர்மரணம் நடந்து, அது நாலு பேர் வாயில் விழுந்துவிட்ட வீடென்றால் ஈ, காக்காய் எட்டிப் பார்க்காது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு குடும்பம் வாழ்ந்து காட்ட வேண்டும். வாசலில் செருப்பு கிடக்க வேண்டும், கொடியில் ஈரத்துணி ஆட வேண்டும், சமையலறையில் குக்கர் கத்த வேண்டும். பார்க்க வருகிறவர்கள் "இங்கே ஏதாவது..." என்று இழுத்தால், "ஒரு குறையும் இல்லீங்க, நிம்மதியா இருக்கோம்" என்று முகம் மலரச் சொல்ல வேண்டும். வீடு கைமாறியதும் தரகர் ஒரு தொகையைக் கொடுப்பார். மூட்டை முடிச்சோடு அடுத்த வீடு.

ஊரில் ஆயத்த ஆடைக் கடைகள் பெருகி, அவளுடைய தையல் கடை படுத்துவிட்டபிறகு பிடித்துக்கொண்ட பிழைப்பு இது. பொய் சொல்வதும் தையல் மாதிரிதான். ஆரம்பத்தில் விரலில் குத்தும், அப்புறம் காய்த்துப்போய்விடும். அவளுக்குக் காய்த்துவிட்டது. மகளுக்குத்தான் இன்னும் குத்திக்கொண்டிருந்தது. கல்லூரித் தோழிகள் யாரையும் அவளால் வீட்டுக்குக் கூப்பிட முடியவில்லை. யாராவது விலாசம் கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

"இதுதான் கடைசி. அடுத்தது நம்ம சொந்த வீடு" என்று அம்மா சொன்னாள்.

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

"இந்தத் தடவை சத்தியமா."

தரகர் சாவியோடு காத்திருந்தார். ஆள் எப்போதும் கலகலப்பானவர். அன்றைக்கு என்னவோ வாசற்படியைத் தாண்டாமலே பேசினார்.

"யாரு செத்தது?" என்று அவள் கேட்டாள். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவள் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை.

"வேலைக்காரப் பொண்ணு. மாரடைப்பு. வீட்டுக்காரங்க வெளிநாடு போயிட்டாங்க. அதுக்கு மேல நோண்டாதே தங்கச்சி. தெருவுல யாருகிட்டயும் மூச்சு விடாதே."

பெரிய வீடு. கதவைத் திறந்ததும் ஜன்னலில்லாத ஒரு நீண்ட நடை. பட்டப்பகலிலும் அங்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. நடை முழுக்கப் பினாயில் வாடை. அதற்கடியில் மலிவான முகப்பவுடரின் வாசனை மெலிதாக. வாசல் கதவை ஒட்டி உயரமான ஒரு மேசை. சுவரோடு சேர்த்து முடுக்கியிருந்ததால் எடுத்துப்போக முடியவில்லை போலும். நடையின் கோடியில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சாமான் அறை. அதற்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

மறுநாள் கடைக்குப் போய்த் திரும்பிய தையல்காரி, கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். திரும்பி வந்தால் பை அங்கே இல்லை.

மேசைமேல் இருந்தது. காலியாக.

உள்ளே இருந்ததெல்லாம் பக்கத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. சீப்பு, பர்ஸ், கைக்குட்டை, அளவு நாடா, நூல்கண்டு, ஒரு ஊக்கு. ஒன்றோடொன்று ஒட்டாமல், கோணல் இல்லாமல். பையின் உள்துணியை வெளியே இழுத்துவிட்டிருந்தது. உள்ளே ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்று காட்டுவதுபோல.

கணவர் வந்ததும் பிடித்துக்கொண்டாள். "என் பையை எதுக்கு நோண்டினீங்க?"

"உன் பையில என்ன புதையலா இருக்கு? போன வருஷத்து பஸ் டிக்கெட் இருக்கும்" என்றார் அவர். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அடுத்த நாள் அவருடைய சட்டைப் பையில் இருந்ததெல்லாம் அந்த மேசைமேல் வரிசையாகக் கிடந்தது. அதற்கடுத்து மகளின் புத்தகப் பை. பேனா மூடியைக்கூடக் கழற்றித் தனியாக வைத்திருந்தது. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வரிசையாக இருப்பதைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். பிழைப்பு அப்படி.

வீடு பார்க்க முதலில் வந்தவர்கள் ஒரு டாக்டரும் மனைவியும். தையல்காரி சிரித்தாள், குக்கர் கத்தியது, எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாடியைப் பார்த்துவிட்டு இறங்கிய டாக்டர் மனைவி, நடையில் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய விலை உயர்ந்த கைப்பை மேசைமேல் வாய் பிளந்து கிடந்தது. உதட்டுச்சாயம், மாத்திரை அட்டை, சாவிக்கொத்து, பணம், எல்லாம் வரிசையில்.

"யாரு என் பையைத் தொட்டது?"

அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சமையலறை வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"உன் கையில என்ன?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி."

"காட்டு."

மகள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அந்தம்மாவின் கண் அதோடு விடவில்லை. மகளுடைய சட்டைப் பையில் போய் நின்றது. மகள் அதையும் வெளியே இழுத்துக் காட்டினாள். அம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தரகருக்குக் கோபம் வரும். அன்றைக்குச் சாப்பிடக்கூட வராமல் மகள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

அந்த வாரத்திலேயே வாசலுக்கு ஒரு பெண் வந்தாள். வயது முப்பதுக்குள் இருக்கும். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"அக்கா, இங்க வேலை செஞ்சவங்களோட தங்கச்சி நான்."

தையல்காரி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கேட்டருகே போனாள்.

"மாரடைப்புன்னு சொன்னாங்க" என்றாள்.

"அப்படித்தான் எழுதியிருக்காங்க." அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அக்காவுக்கு இழுப்பு. மூச்சு மருந்து எப்பவும் பையிலயே வச்சிருப்பா. இந்த வீட்டுல தினமும் வேலை முடிஞ்சு கிளம்புறப்ப, வாசல்ல ஒரு மேசை இருக்குமே, அதுல பையைக் கொட்டி, ஒவ்வொண்ணா வரிசையா வச்சுக் காட்டணும். அப்புறம் கையைத் தூக்கிட்டு நிக்கணும். கழுத்துல ஆரம்பிச்சுத் தடவிப் பாப்பாங்க. 'பாத்துக்கோங்கம்மா'ன்னு அவளே சொல்லுவாளாம். அப்பதான் சீக்கிரம் விடுவாங்களாம்."

மழைத்தூறல் விழ ஆரம்பித்தது. அவள் நகரவில்லை.

"ஒரு நாள் வீட்டுக்காரம்மாவோட சங்கிலியக் காணோம். நீதான் எடுத்தேன்னு சொல்லி, போலீஸ் வர வரைக்கும் மாடிப்படி அறையில போட்டுத் தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. அவ பை மேசையிலயே இருந்துச்சுக்கா. மருந்தும் அதுலதான் இருந்துச்சு. வரிசையா வச்சிருந்தாங்களே, அதுல."

தையல்காரி திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தாள்.

"சங்கிலி?"

"கிடைக்கவே இல்ல. எடுத்து எங்கயோ குடுத்துட்டா, செத்தும் வாயத் திறக்கலன்னு சொல்லிட்டாங்க. நானும் வீட்டு வேலைக்குத்தான் போறேன். திருடியோட தங்கச்சின்னு எந்த வீட்டுலயும் ஏத்துக்க மாட்டேங்கறாங்க." அவள் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். போன் நம்பர். "சுத்தம் பண்றப்ப ஏதாவது கண்ணுல பட்டா சொல்லுங்கக்கா. நகை எனக்கு வேண்டாம். எங்க அக்கா எடுக்கலன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும். அந்த ஒரு வார்த்தை போதும்."

அவள் போனபிறகு தையல்காரி வெகுநேரம் கேட்டருகிலேயே நனைந்துகொண்டிருந்தாள். நிஜமாகவே மனது கரைந்துதான் போயிருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் கல் நெஞ்சுக்காரி இல்லை.

கூடத்து ஜன்னலில் தரை தொடும் நீளத்துக்குத் திரைச்சீலைகள் தொங்கின. அதில் ஒன்று மட்டும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக நின்றது. வந்த நாளிலிருந்து அது அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மழைநாள், வீட்டில் யாருமில்லை. கை சும்மா இருக்காமல் அதைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். கீழ்மடிப்பு முழுக்க மிஷின் தையல். ஒரு சாண் மட்டும் கையால் தைத்திருந்தது. சந்தனநிறத் துணியில் கறுப்பு நூல், முண்டும் முடிச்சுமாக. ஊசி பிடித்தே பழகாத ஏதோ ஒரு கை, அவசர அவசரமாகத் தைத்தது. அந்த இடம் கனத்தது.

கத்தரியை வைத்து நூலை வெட்டினாள். சங்கிலி வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தது.

கிழிசல் தைத்துப் பழகிய வேலைக்காரியின் கை இல்லை இது. எல்லாம் ஒரு நொடியில் புரிந்தது. எங்கோ ஊருக்குப் போகும்போது, திருட்டுக்குப் பயந்து, வீட்டுக்காரம்மாவே இதை ஒளித்து வைத்திருக்கிறாள். பிறகு மறந்துவிட்டாள். அப்புறமாவது ஞாபகம் வந்ததா, வந்தும் வாயைத் திறக்கவில்லையா, அது அவளுக்கும் அவள் மனசாட்சிக்கும்தான் வெளிச்சம்.

தையல்காரி போனை எடுத்தாள். காகிதத்தைப் பார்த்து நம்பரை அழுத்த ஆரம்பித்தாள். பாதியில் சங்கிலி கையில் கனத்தது. நல்ல கனம். தரகர் கொடுக்கப்போகும் தொகையோடு இதையும் சேர்த்தால், பார்த்து வைத்திருக்கிற சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். மகள் கையை விரித்துக் காட்டியது கண்முன் வந்தது. இனி எவள் முன்னாலும் என் பிள்ளை அப்படி நிற்கக்கூடாது என்று நினைத்தாள். செத்தவள் செத்துவிட்டாள். நாளைக்கே உண்மை தெரிந்தால் எழுந்து வந்துவிடப் போகிறாளா?

போனைக் கீழே வைத்தாள். சங்கிலியைக் கைக்குட்டையில் சுற்றி, கைப்பையின் அடியில் செருகினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் குக்கர் என்று நினைத்தாள். ஆவி பிடித்து, விசில் வருவதற்கு முன்னால் ஒரு மெல்லிய சீறல் வருமே, அந்த மாதிரி. ஆனால் அடுப்பு அணைந்திருந்தது. சீறல் நின்றது. மறுபடி வந்தது. நடையின் கோடியிலிருந்து, மாடிப்படிக்குக் கீழிருந்து. இழுத்து, இழுத்து, உள்ளே போக மறுக்கிற மூச்சு.

மின்சாரம் போனது.

இருட்டில் முகப்பவுடர் வாசனை அவளைக் கடந்து போனது. அவசரப்படாமல். வேலை முடிந்து கிளம்புகிற ஒருத்தி நடப்பதுபோல. சாமான் அறையின் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது; அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடையின் கோடிக்குப் போய் அதைத் தடவிப் பார்த்தாள். மூச்சுச் சத்தம் இப்போது வாசலோரத்தில் கேட்டது.

மேசைமேல் ஏதோ மெதுவாக வைக்கப்படும் சத்தம். டக். சீப்பு.

டக். பர்ஸ்.

துணியின் சரசரப்பு. கைக்குட்டை பிரிகிறது.

பிறகு சங்கிலி மரத்தில் இழுபடும் ஓசை. சின்னச் சின்ன வளையங்களாக, நீளமாக, நேராக.

காதுக்குப் பக்கத்தில், மிகவும் பணிவாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் சொன்னது.

"பாத்துக்கோங்கம்மா."

விளக்கு வந்தபோது நடையில் யாருமில்லை. வரிசையின் கடைசியில் சங்கிலி கிடந்தது. தையல்காரி அதை எடுத்தாள். எடுத்ததும் போன் செய்திருக்கலாம். அன்றைக்கே செய்திருக்கலாம். அவள் செய்தது வேறு. சங்கிலியை மடியில் முடிந்துகொண்டு, அடைமழையில் ஆட்டோ பிடித்து, ரசீது கேட்காமல் பழைய நகை வாங்குகிற ஆளிடம் போனாள். கணவரிடம் "சீட்டு எடுத்தேன்" என்றாள். அவரும் குடையவில்லை. குடைந்தால் என்ன வருமோ என்று அவருக்கும் பயம்.

அன்று முதல் மேசையில் பொருட்கள் வேறுமாதிரி அடுக்கப்பட்டன. வரிசையின் கடைசியில் ஒரு சங்கிலி நீளத்துக்கு இடம் விட்டிருந்தது.

அடுத்த மாதமே வீடு விற்றது. சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது தங்கைக்காரி வந்து கேட்டருகே நின்றாள்.

"ஏதாவது கிடைச்சுதாக்கா?"

"இல்லம்மா." குரல் நன்றாகவே வந்தது. தொழில் பழக்கம். "மூலை முடுக்கெல்லாம் தேடிப் பாத்துட்டோம். ஒண்ணும் கிடைக்கல."

"தேடினீங்களா?" அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. கம்பிக்குள் கையை விட்டுத் தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்காக இவ்வளவு சிரமப்பட்டீங்களே. ரொம்ப நன்றிக்கா."

வேன் தெரு முனையைத் தாண்டும்வரை அந்தக் கையின் சூடு போகவில்லை.

சொந்த வீடு சின்னதுதான். ஆனால் தாழ்ப்பாள் உள்பக்கம், சாவி அவர்கள் கையில். வெளிச்சம் வருகிற இடம் வேறு இல்லாததால் தையல் மேசையை வாசல் கதவருகே போட்டார்கள். கணவர் வாசலுக்கும் கொல்லைக்குமாகச் சிரித்துக்கொண்டே நடந்தார். மகள் முதல்முறையாகத் தோழிகளுக்கு விலாசம் அனுப்பினாள். சில நாட்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தையல்காரி நிம்மதியாகக்கூடத் தூங்கினாள்.

ஒரு காலையில் மகள் கல்லூரிக்குக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் நின்றாள். பையைத் தையல் மேசைமேல் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள். கடைசியில் கொஞ்சம் இடம் விட்டாள். பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னடி பண்றே?"

மகளின் கண் அவளைப் பார்த்தது; ஆனால் அவளைப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து சளிகூடப் பிடிக்காத பிள்ளை, அவளுடைய நெஞ்சுக்குள்ளிருந்து அந்தச் சீறல் கிளம்பியது.

"பாத்துக்கோங்கம்மா."

தையல்காரி அவளை உலுக்கிப் பார்த்தாள். கையை இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. அழுதுகொண்டே மகளின் கழுத்தில் கை வைத்தாள். தோள், கையடி, இடுப்பு. பெற்ற மகளை ஒரு திருடியைத் தடவுவதுபோலத் தடவினாள். "ஒண்ணுமில்ல. போ" என்றாள். மூச்சு திரும்பியது. மகள் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "பஸ் போயிடும்மா" என்று பொருட்களை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மகள் மெலிந்துகொண்டே வந்தாள். மூச்சைச் சோதித்துப் பார்த்த மருத்துவர், நோயே இல்லை என்றார். ஒவ்வொரு நாளும் "போ" என்று சொன்னபிறகும் மூச்சு திரும்ப நேரமாகிக்கொண்டே போனது. ஒரு நாள் சொல்லியும் திரும்பவில்லை.

மகள் கையைத் தூக்கியபடி நின்றாள். கண் செருகிக்கொண்டு போனது. தையல்காரி அவள் காலடியில் விழுந்தாள். கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி தங்கைக்காரி கேட்ட அந்த ஒரு வார்த்தை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நீ எடுக்கலம்மா!" என்று கத்தினாள். "நீ எடுக்கல. நீ எதையும் எடுக்கல."

சீறல் சட்டென்று நின்றது.

வீடு அமைதியானது. மகளின் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது. கைகள் இறங்கின. தையல்காரி அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

மகள் குனிந்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற களைப்பு மட்டும்தான் இருந்தது. முகப்பவுடர் வாசனை வந்தது. அம்மாவின் தாடையைத் தொட்டு நிமிர்த்தி, ரகசியம் கேட்பதுபோல மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"அப்ப யாரும்மா எடுத்தா?"

தையல்காரி வாயைத் திறந்தாள். அவள் நெஞ்சுக்குள் எங்கோ, குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் வருகிற மெல்லிய சீறல் கிளம்பியது.

மேசைமேல், யாரும் தொடாத தையல்காரியின் கைப்பை தானாகக் கவிழ்ந்தது. சீப்பு. பர்ஸ். கைக்குட்டை. அளவு நாடா. கடைசியில் இருந்த அந்த இடம் இப்போது காலியாக இல்லை; விற்றுவிட்ட சங்கிலி அங்கே நேராகக் கிடந்தது.

அவளுடைய இரண்டு கைகளும் மெதுவாக மேலே எழுந்தன.